ரெய்னோ ஃப்ரீஸரில் வைத்த குரல்

ரெய்னோ ஹக்காலாவோடு பத்தொன்பது பனிக்காலம் எங்கள் மாவட்டத்துச் சாலைகளில் பனி வழிக்கும் லாரி ஓட்டியிருக்கிறேன். முரட்டு ஆசாமி. அவர் வீட்டுச் சாமானை வேற்றாள் தொடக்கூடாது. கூரையா, குழாயா, எது கெட்டாலும் அவர் கைதான். பல் பிடுங்க மட்டும் டாக்டரிடம் போனாரே, அதுவே எனக்கு ஆச்சரியம்.

அவர் மனைவி எல்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் முழுக்க உட்கார்ந்து, தன் குரலைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைத்தாள். அதன் பிறகு அவளால் பேச முடியவில்லை. மறு வருஷம் போய்ச் சேர்ந்தாள். அந்தக் குரல் இருந்த ஹார்ட் டிஸ்க், போன நவம்பரில் டிக் டிக்கென்று தட்ட ஆரம்பித்தது. வேறு பிரதி கிடையாது.

"மினியாபொலிஸ் சிட்டில, கெட்டுப்போன டிஸ்க்லேருந்து எடுத்துக் குடுக்கன்னே ஆளுங்க இருக்காங்களாம். அனுப்பிடுய்யா," என்றேன்.

"எவனோ ஒருத்தன் உக்காந்து என் பொண்டாட்டி பேசுறதைக் கேக்கணுமா? போய்யா!"

அதோடு நான் வாயைப் பொத்தியிருக்கலாம். எங்கேயோ கேட்டதைச் சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப ஃப்ரீஸர்ல வச்சுப் பாரு. குளிர்ந்தா கொஞ்ச நேரம் ஓடுமாம்."

"நம்ம ஊர்ல குளிருக்கா பஞ்சம்?" என்று சிரித்தார்.

பிளாஸ்டிக் பையில் சுற்றி, மான்கறிக்கும் மீனுக்கும் நடுவே ஒரு நாள் வைத்தார். ஞாயிறு மத்தியானம் எடுத்து மாட்டினோம். தட்டல் நின்றிருந்தது. திரையில் ஃபைல் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்தன. எல்மாவின் பெயரை நான்தான் முதலில் பார்த்தேன்.

"எல்மாவை மொதல்ல எடுய்யா! கடைசில இருக்கு பாரு!"

"சும்மா இரு. மொத மைல்லேருந்து போனாத்தான் எதுவும் விட்டுப்போகாது."

பனி வழிக்கிறவனுக்கு அதுதான் வேதம். நடுவில் தாவினால் எங்கேயாவது ஒரு தெரு மூடிக்கிடக்கும். எனக்கும் அது பழக்கம்தானே, விட்டுவிட்டேன்.

ஒவ்வொன்றாக வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தார். லாரி ரிப்பேர் புத்தகங்கள் வந்தன. ஏரியில் மீன் பிடித்த படங்கள் வந்தன. அப்புறம் மான், மான், மான். எத்தனை எழவெடுத்த மான்கள்! டிஸ்க்கின் மேல் முத்து முத்தாக வேர்த்தது. கரகரவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

திரும்பவும் ஃப்ரீஸரில் வைத்தார். மூன்று முறை வைத்தார். கடைசியில் திருப்புளியால் திறந்தே விட்டார். உள்ளே பளபளத்த தட்டில் வட்டமாகக் கீறல் விழுந்திருந்தது. இனி எந்த ஊர் ஆளாலும் ஆகாது.

"நீ சொன்ன," என்றார். "மொதல்ல எடுன்னு சொன்ன."

ஃப்ரீஸர் யோசனையும் நான் சொன்னதுதான். அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. எடுத்துத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும்.

இந்த வருஷம் முதல் பனி விழுந்த காலை, ஆபீசுக்குப் புகார் வந்தது. ரெய்னோவின் பகுதியில் நெடுஞ்சாலையே மூடிக்கிடக்கிறதாம். பதறிப்போய்த் தேடினேன். எல்மாவைப் புதைத்த கல்லறைத் தோட்ட வாசலில் அவர் லாரி நின்றது. அவருடைய வழியில் அந்தச் சாலைதான் கடைசி. அதை மட்டும் தார் தெரிய வழித்திருந்தார்.