வட்டகொடையில் இறங்கியவள்

என் கர்ப்பப்பையை எடுத்தது எழுபதுகளின் கடைசியில். அதற்கு முன் சில வருடங்களாக மாதத்தில் பாதி நாட்கள் எனக்கு இரத்தப் போக்கு இருந்தது. வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அடர்ந்த நிறத்துச் சேலையாகப் பார்த்து உடுத்துவதும், கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் முதுகுப் பக்கத்தை நினைத்துக் கூசுவதும் பழகிப்போயிருந்தன. கண்டி ஆஸ்பத்திரியில் காட்டியபோது உள்ளே கட்டி இருப்பதாகச் சொல்லி எடுத்துவிட்டார்கள். ஆப்பரேஷன் நன்றாகவே நடந்தது. தையல் பிரித்து, இரும்பு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இரத்தம் நின்றுவிட்டது. இனி ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரிந்தது. முதலில் போனவை பெயர்கள். மூன்றாம் வகுப்பு இடாப்பில் இருக்கும் பெயர்களைப் பார்த்துக் கூப்பிடுவேன்; ஒரு பிள்ளை எழுந்து நிற்கும்; அந்த முகத்தை அன்றுதான் பார்ப்பதுபோல் இருக்கும். பத்திரிகையில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். வாசித்தது எங்கேயும் தங்காது. சொல்ல வந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்து நின்றுவிடும். வகுப்பில் சோக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எதை எழுதத் திரும்பினேன் என்று தெரியாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பின்னால் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்காமல் இருந்தார்கள். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்திலிருந்து, கொழுந்தெடுக்கும் ஒரு அம்மா என்னைப் பார்க்க வந்தார். அவருடைய மகள் என் வகுப்பில் படித்தாள்.

"எங்க சித்திக்கும் இப்படித்தான் டீச்சர். பைய எடுத்தாங்க, அதோட கொஞ்சம் புத்தியும் போயிருச்சு. அடுப்புல சட்டிய வச்சுட்டு மலைக்குப் போயிரும்."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"இப்ப எல்லாம் ஞாபகம் வந்துருச்சு. சித்தப்பாவ மட்டுந்தான் வரல. அது வேணும்னே பண்ணுதுன்னு லயத்துல பேசிக்கிறாங்க."

நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கர்ப்பப்பையோடு புத்தியும் போய்விட்டது, அல்லது மயக்க மருந்து மூளையில் ஏறிவிட்டது. இரண்டில் ஒன்றுதான் என்று நம்பினேன். படித்தவள், இருந்தும் நம்பினேன். படிகளில் ஏறினால் மூச்சு வாங்கியதையும், யாரும் பார்க்காதபோது பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டிருந்ததையும் இதோடு சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை.

என் கணவர் தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்தைத் தேயிலையாக்கும் வேலையைப் பார்க்கும் டீமேக்கர். எனக்காக அவர் செய்த முக்கியமான பணிவிடை, வேளாவேளைக்கு மாத்திரையை எடுத்துக் கொடுப்பது. ஒரு கையில் மாத்திரை, இன்னொரு கையில் அவரே பார்த்துப் போட்ட கடுஞ்சாயத் தேத்தண்ணி. மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்குகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் இல்லை. அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. கொதித்த தண்ணீர் என்றால் அதில் தேயிலை விழுந்திருக்கும். காய்ச்சல் மாத்திரையும் பூச்சி மாத்திரையும் எங்களுக்கு அப்படித்தான் இறங்கின.

ஒரு சனிக்கிழமை மகளுக்குப் பள்ளிக்கூடம் போகக் காலுக்குச் சப்பாத்து வாங்க ஹட்டனுக்குக் கூட்டிப்போனேன். அவள் இரண்டாம் வகுப்பு. எங்களுக்கு ஒரே பிள்ளை. திரும்பும்போது ரயில் கோச்சியில் கூட்டம் இல்லை. அவள் ஜன்னலோரம் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கோச்சி வட்டகொடையில் நின்றது. நான் சப்பாத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி, வாசலுக்கு நடந்து, முழு டிக்கெட்டையும் அரை டிக்கெட்டையும் கொடுத்தேன்.

டிக்கெட் வாங்குகிற சிங்களவர் என்னை நன்றாகத் தெரிந்தவர். கையிலிருந்த டிக்கெட்டுகளைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார்.

"டீச்சர், அரை டிக்கெட் எங்கே?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அதை இப்போதும் உள்ளபடியே எழுதத்தான் வேண்டும். கையிலிருந்த பெட்டியைப் பார்த்தேன். அது யாருடைய சப்பாத்து என்று யோசித்தேன். அதற்குள் கோச்சியின் கடைசிப் பெட்டி வளைவில் மறைந்துகொண்டிருந்தது. அவர் ஓடிப்போய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் பண்ணச் சொன்னார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

அடுத்த ஸ்டேஷனான கிரேட் வெஸ்டர்னில் அவளை இறக்கி வைத்திருந்து, கீழே வருகிற கோச்சியில் ரயில் கார்டின் துணையோடு அனுப்பினார்கள். அதற்குள் செய்தி தெரிந்து என் கணவரும் வந்துவிட்டார். அவள் கையில் யாரோ வாங்கிக் கொடுத்த பிஸ்கட் இருந்தது. அழவில்லை.

"தொலைஞ்சு போயிட்டியா சாமி?" என்று அவர் தூக்கிக்கொண்டார்.

"நான் தொலையலப்பா. நான் உக்காந்த எடத்துலதான் இருந்தேன். அம்மாதான் எறங்கிட்டாங்க."

அவள் இப்போது பெரிய பிள்ளை, ஹட்டனில் படிக்கிறாள். தனியாகவே போய் வருகிறாள். ஆனாலும் நான் எந்தக் கோச்சியில் ஏறினாலும், அது நகரத் தொடங்கியதும் என் கை பக்கத்து இருக்கையைத் தடவிப் பார்க்கிறது. அதை நிறுத்த என்னால் முடியவில்லை.

அவளைக் கோச்சியில் விட்டு இறங்கிய அந்த வாரமே என் கணவர் மகளை நோர்வூட்டிலிருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "நீ நல்லானதும் கூட்டிட்டு வந்துருவோம்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. பயந்துபோயிருந்தார். நானும் மறுத்துப் பேசவில்லை. அவள் என்னிடம் இருப்பதைவிட அங்கே இருப்பது பத்திரம் என்று எனக்கே தோன்றியது. நான் நல்லாகாமலே போனால் அவள் அங்கேயேதான் வளர்வாள் என்பதும் தோன்றியது. புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் போனாள்.

அடுத்த மாதம் கண்டிக்குக் கிளினிக் போனோம். அன்று இருந்தவர் ஒரு சிங்கள டாக்டரம்மா. கொஞ்சம் தமிழ் பேசினார். மூளைக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். விரலில் குத்தி இரத்தம் எடுக்கச் சொல்லி, முடிவு வரும்வரை உட்காரவைத்தார்.

"மாத்திர குடிச்சதா?"

"ஒரு வேள கூட விடல டாக்டர்."

"அப்ப ஏன் ரத்தம் கூடினது இல்ல? எதோட குடிக்கிறது?"

"தேத்தண்ணியோட."

"பால் போட்டு?"

"இல்ல, வெறும் சாயம். நல்லாக் கடுப்பா. எங்க வீட்டுக்காரர் டீமேக்கர்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னார். பல வருடங்களாகப் போன இரத்தம் ஆப்பரேஷனோடு திரும்பி வந்துவிடாது. இரத்தம் குறைந்தால் மூச்சு வாங்குவதும் பச்சரிசி மெல்லத் தோன்றுவதும் மட்டுமில்லை. நினைவும் கவனமும் மந்தமாகும். இரத்தத்தைக் கூட்டத்தான் இரும்பு. அந்த இரும்பைத் தேயிலைச் சாயம் வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்கு விடாது. மாத்திரையைப் புளிப்பான தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்கவேண்டும், ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தேத்தண்ணி குடிக்க வேண்டும், கீரை, ஈரல் எல்லாம் சாப்பிட வேண்டும்.

"மூளை சரியா வருமா டாக்டர்?"

"வரும். மெதுவா வரும். பயப்படுறது வேணாம்."

வெளியே காத்திருந்த என் கணவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"என் தேத்தண்ணியிலயா கோளாறு? இந்தச் சாயத்தத்தானே வெள்ளக்காரன் குடிக்கிறான். அவனுக்கு ரத்தமில்லாமலா போச்சு?"

"அவன் இரும்பு மாத்திரையோட குடிக்கலீங்களே."

"அப்ப மாத்திரையிலதான் கோளாறு."

ஆனால் மறுநாள் காலையில் தேசிக்காய் பிழிந்து வைத்திருந்தார். கொட்டையை எடுக்கத் தெரியவில்லை.

மூச்சு முதலில் சரியானது. பச்சரிசி ஆசை எப்போது போனது என்று தெரியாது. புத்தி தெளிந்ததை நான் நம்பிய நாள் மட்டும் தெரியும். இரண்டு நாள் வராத ஒரு பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"பெரியப்பா செத்துப் போயிட்டாரு டீச்சர்."

"ஒங்க பெரியப்பா போன தவணையே செத்துட்டாரேடா."

வகுப்பே சிரித்தது. "அது வேற பெரியப்பா டீச்சர்" என்றான். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பெயர் எனக்கு இடாப்பைப் பார்க்காமலே வந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை மகளைக் கூட்டிவரப் போவதாகக் கணவரிடம் சொன்னேன்.

"நானும் வாறேன்."

"வேணாங்க. நான் தனியாப் போறேன்."

அவர் குடையை எடுத்துக் கொடுத்தார். ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்தார்.

நோர்வூட்டில் கதவைத் திறந்த நாத்தனார் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"தனியாவா வந்தீங்க அண்ணி? அண்ணன் எங்க?"

"தொலைச்சுட்டு வரலம்மா. ஃபெக்டரியில இருக்காரு."

இருவரும் சிரித்தோம். மகள் உள்ளே நின்று பார்த்தாள். தலைமுடியை வேறு மாதிரி வகிடெடுத்துப் பின்னியிருந்தார்கள். நான் கூப்பிட்ட பிறகுதான் வந்தாள். வந்ததும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் வந்து ஹட்டனில் கோச்சி ஏறினோம். ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன். வேண்டாம் என்று என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, தான் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தாள்.

"அம்மா, நாம எங்க எறங்கணும்?"

"வட்டகொடையில."

"அதுக்கு முந்தி என்ன?"

"தலவாக்கலை."

சரி என்பதுபோல் தலையாட்டினாள். தலவாக்கலை தாண்டியபோது அவள் கண்கள் சொருகின. மடியில் படுத்துக்கொள்ளச் சொன்னேன். "தூக்கம் வரலம்மா" என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். நான் வற்புறுத்தவில்லை. அவள் விழித்திருக்கட்டும் என்று இருந்தேன். நானும் விழித்திருந்தேன்.

வட்டகொடையில் கோச்சி நின்றதும் முதலில் அவள் இறங்கினாள். கீழே நின்று என்னை நோக்கிக் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.