நாலு நிமிஷ வீடியோ

முத்தையாபுரத்திலிருந்து ஆறுமுகநேரி போய்த் திரும்பினால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். என் சித்தி மகன் பெவின் பதினேழு வயதில் அதை முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் உப்பளத்துப் பக்கம் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தே ஓட்ட வேண்டும். பின்னால் பைக்கில் பவுல் மாஸ்டர் ஹாரன் அடித்துக்கொண்டே வருவார்.

"ஏலே, உப்பு லாரிக்குப் பின்னால ஒளியாத! ரேஸ்ல லாரியா வரும்?"

மாஸ்டர் எங்கள் சபைக்காரர், சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். பயிற்சி முடிந்து வந்தால் பெவினுக்கு நாலு முட்டை, அவருக்கு ரெண்டு என்று சித்தி கிருபாபாய் தினமும் அவித்து வைப்பாள். இருபத்தோரு வயதில் பெங்களூர் அணி ஒன்று பெவினைச் சம்பளத்துக்கு எடுத்தது. சித்தப்பா ஜேசுபாதம் நம்பவே இல்லை. "சைக்கிள் ஓட்டுததுக்கா சம்பளம்?" என்று எனக்கு தோஹாவுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

அடுத்த வருஷம் ஐந்து நாள் பந்தயம் ஒன்று. மூன்றாம் நாள் பெவினுக்குக் காய்ச்சல். கூடவே போயிருந்த மாஸ்டர் லாட்ஜ் அறையில் ஓர் ஊசி போட்டார். "சத்து ஊசிதாம்ல, கண்ண மூடு." கடைசி நாள் வெள்ளிப் பதக்கம். பதக்கத்தோடு சிறுநீர்ச் சோதனையும் நடந்தது.

அந்த ஞாயிறு சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. வேலை கிடைத்தவர்கள், விசா வந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்லுகிற நாள். பெவினும் சொன்னான். "மூணாம் நாள் எந்திரிக்க முடியல. மாஸ்டர்தான் ஒரு சத்து ஊசி போட்டாரு. ஆண்டவர் என்னத் தூக்கி நிறுத்துனாரு." முன்வரிசையில் மாஸ்டர் கை தட்டினார். சபையின் யூடியூப் பக்கத்தை இங்கிருந்து பார்த்துக்கொள்வது நான்தான். அந்த நாலு நிமிஷத்தைத் தனியாக வெட்டி ஏற்றினேன்.

ஆறு வாரத்தில் சோதனை முடிவு வந்தது. ரத்தத்தைக் கூட்டும், தடை செய்யப்பட்ட மருந்து. யார் கொடுத்திருந்தாலும் உடம்புக்குச் சொந்தக்காரன்தான் பொறுப்பு. ஆனால் அது எப்படி உள்ளே போனது என்று நிரூபித்தால் நாலு வருஷத் தடை குறையலாம். பெவின் வக்கீலைத் தேடவில்லை, மாஸ்டரைத் தேடினான். அவர் வீட்டுக்கு வந்து, இடியாப்பம் சாப்பிட்டு, நிதானமாகச் சொன்னார்: "ஊசின்னு நீயே வாயால சொல்லிருக்க. அதப் பாத்தா தெரிஞ்சே போட்டான்னு முடிவு கட்டிருவாங்க. மொதல்ல அந்த வீடியோவத் தூக்கு. மத்தத நான் வந்து சொல்லுதேன்."

பெவின் என்னைக் கூப்பிட்டான். "அண்ணே, அத எடுத்துருங்க."

"நல்லா யோசிச்சியால?"

"மாஸ்டர் சொல்லுதாருண்ணே."

அதற்குமேல் நானும் கேட்கவில்லை. பயத்தில் அன்றைய முழு ஆராதனைப் பதிவையும், என் போனில் இருந்ததையும் சேர்த்து அழித்தேன்.

விசாரணை கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. மாஸ்டர் வந்தார், சொன்னபடியே. "நான் எந்த ஊசியும் போடல சார். சின்ன வயசு, ஆசை. எங்கயாவது வாங்கிப் போட்டிருப்பான்." வீடியோ இருந்தது என்று பெவின் சொன்னான். எங்கே என்று கேட்டார்கள். சபையில் அதைக் காதால் கேட்டவர்கள் இருநூறு பேர் இருப்பார்கள். எழுதித் தர ஒருவரும் வரவில்லை. நான் எழுதிக் கொடுத்தது சொந்தக்காரன் பேச்சென்று போயிற்று. நாலு வருஷம். அணி ஒரே ஒரு ஈமெயிலில் கணக்கை முடித்தது. மாஸ்டரைப் பற்றிச் சித்தி ஒன்றுதான் சொன்னாள்: "அஞ்சு வருஷம் எங்க வீட்டு முட்டையத் தின்னாரு."

இப்போது பெவின் துறைமுகம் பக்கம் ஒரு குடோனில் மூட்டை எண்ணுகிறான். வேலைக்கு பஸ்ஸில் போகிறான்.

இந்த வருஷ ஸ்தோத்திரப் பண்டிகையை ஆபீஸ் பஸ் வருமுன் லைவில் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டரிடம் புதிதாகப் பயிற்சி எடுக்கும் அனிஷா, மாநிலப் போட்டியில் ஜெயித்ததைச் சொல்லி முடித்தாள். மைக்கை வாங்கிய மாஸ்டர் முன்னால் பெவின் போய் நின்றான்.

"என்னல, ஒனக்கு என்ன சாட்சி?"

"போன வருஷத்து சாட்சிதான் மாஸ்டர். அழிஞ்சு போச்சு. திரும்பச் சொல்லுதேன்."

மைக்கை வாங்கி ஒரு வார்த்தை மாறாமல் சொன்னான். காய்ச்சல், லாட்ஜ், ஊசி. மேல்முறையீட்டுக்கு நாள் எப்போதோ கடந்துவிட்டது, அது அவனுக்கும் தெரியும். முடித்துவிட்டு அனிஷாவைப் பார்த்தான். "ஏளா, ஒனக்கும் சத்து ஊசின்னு சொன்னா, மருந்து பேர எழுதிக் கேளு."

அனிஷா மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடியுமுன் அவருடைய மெசேஜ் வந்தது: "தம்பி, அத எடுத்துருங்க."

வீடியோ அங்கேயே இருக்கிறது.