சிவப்புப் பொத்தான்

வெள்ளவத்தையில் எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்துக்கு ஒரு புதிய கருவியின் பீட்டா பதிப்பு வந்தபோது, அதைத் தொட்டுப் பார்க்க முன்வந்தது நான் ஒருத்திதான். அதுவரை திரையில் ஒரு பெட்டி வைப்பதற்கே வரி வரியாக நிரல் எழுதி மாரடிக்க வேண்டும். இதில் பெட்டியையும் பொத்தானையும் மவுஸால் இழுத்து விட்டால் போதும். கொட்டாஞ்சேனைக் கப்பல் முகவர் ஒருவருக்கான திரையை ஒரே கிழமையில் முடித்தேன். தகவலைப் பதியும் பொத்தானைப் பெரிதாக, நல்ல சிவப்பில் வைத்தேன். கண்ணில் பட வேண்டுமல்லவா?

மனேஜர் நம்பவில்லை. அரைவேக்காட்டுச் சாமான், முகவர் முன்னால் நின்றுபோனால் பழைய கருவிக்கே திரும்புவோம், திரை வடிவமைக்கும் வேலையும் வேறு ஆளுக்குப் போகும் என்றார். நிற்காது என்றேன். என் வேலை எனக்குத் தெரியும்.

முகவருக்குக் காட்ட மடிக்கணினியோடு பஸ் ஏறினேன். கோட்டைக்குக் கிட்ட சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரைப் பார்த்த சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். அது குண்டில்லை, கணினிதான் என்று இயக்கிக் காட்டவும் சொன்னான். மூடியைத் திறந்தேன். நடுவில் சிவப்புப் பொத்தானோடு என் திரை வந்தது. அமத்திப் பாருங்கள், வேலை செய்யும் என்று சிங்களத்தில் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவன் கை நீளவில்லை. "ஒயாம ஒபன்ன" என்றான். நீயே அமத்து என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். என்னைவிட இளையவன். சாவடிகளில் பயப்படுவது நாங்கள் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவனோ என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. அப்படி வந்தது எனக்கே பிடிக்கவில்லை. அமத்தினேன். பதிவாகிவிட்டது என்று திரையில் எழுத்து வந்தது. அவன் மூச்சு விட்டான், போகச் சொல்லிக் கை காட்டினான்.

பஸ்ஸில் இருந்தபடியே பொத்தானைப் பச்சையாக்கினேன். பழைய கருவியென்றால் அலுவலகத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் முகவரின் கிளார்க் அம்மா கதைத்துக்கொண்டே பச்சையை அமத்தினார். ஒன்றும் நிற்கவில்லை. முகவர் வேலையை எங்களுக்கே தந்தார்.

மனேஜருக்கு நிறம் மாறியதுதான் உறுத்தியது.

"சிவப்பெண்டா இங்க சனம் அமத்தப் பயப்படும் சேர்," என்றேன்.

"ஆரிட்டயும் கேட்டுப் பாத்தனீரோ?"

"ஓம் சேர். ஆமிக்காரனிட்ட."