சென்றாயனின் மேல் பல்

சூளகிரி பஸ் நிறுத்தத்தில் சென்றாயன் நின்றால் மற்றவர்கள் எட்டி எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பஸ் தூரத்தில் தலை காட்டும்போதே, "இது நம்ம ஊர்ல நிக்காது, உக்காருங்க" என்று சொல்லிவிடுவார். பலகை கன்னடத்தில் இருந்தாலும் அதே வேகம்தான். கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். தலைக்கு மேலே அடுக்கும் பெட்டிகளை ஒரு கீறல் விழாமல் வைக்கிற கண் அது. நாற்பத்தெட்டு வயதிலும் தூரப் பார்வைக்குக் கண்ணாடி கிடையாது என்பதில் அவருக்குக் கர்வம். இருக்கட்டுமே, உழைத்துச் சாப்பிடுகிற மனுஷனுக்கு ஏதாவது ஒன்றில் கர்வம் வேண்டாமா?

அந்தக் கண்ணுக்குத்தான் ஒரு பல்லால் வினை வந்தது. இடது பக்கம், மேல் கோரைப்பல் சொத்தை. பிடுங்கிவிடச் சொன்னவர்களிடமெல்லாம் மாட்டேன் என்றார். மேல் பல்லைப் பிடுங்கினால் பார்வை போய்விடும் என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சென்றாயன் யாரும் கேட்காமலே சொல்வார். தெருவில் எவர் கன்னத்தைப் பிடித்தாலும், "கீழ்ப் பல்லுன்னா எடுத்துக்க. மேல் பல்லுல மட்டும் கை வெச்சிடாத" என்று மிரட்டி அனுப்புவார். கண் போனால் வண்டி போச்சு, வேலை போச்சு. ஆகவே கிராம்பும் மெடிக்கல் கடை வலி மாத்திரையுமாகக் காலத்தை ஓட்டினார்.

ஒரு நாள் காலையில் எழுந்தால் கன்னம் பன் மாதிரி வீங்கி, இடது கண் மூடியே கிடந்தது. காய்ச்சல் வேறு. விரலால் இமையைப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் மங்கல்.

"ருக்கு, நான் பல்லைத் தொடவே இல்லியே. அப்புறம் ஏன் கண்ணு போவுது?"

மனைவி ருக்மணி செருப்பை மாட்டினாள். நிறுத்தத்தில் ஒருத்தர் வழக்கம்போல, "அண்ணே, வர்றது ஓசூரா?" என்று கேட்டார். காய்ச்சலில் வலது கண்ணிலும் நீர் கோத்திருந்தது; சென்றாயன் தலைகுனிந்துகொண்டார். பலகையை ருக்மணிதான் படித்தாள். அந்த அவமானம் வலியைவிடப் பெரிதாக இருந்தது.

ஓசூரில் பல் டாக்டர் பிரியதர்ஷினி எக்ஸ்ரேவைக் காட்டினார். "அண்ணா, பல்லைப் பிடுங்கறதுக்கும் கண் பார்வைக்கும் சம்பந்தமே இல்ல. வேர்ல சீழ் கட்டி மேல ஏறியிருக்கு. எடுக்காம விட்டதாலதான் கண்ணு கிட்ட வந்துடுச்சி. இன்னும் தள்ளிப் போட்டா நிஜமாவே ஆபத்து."

கண்ணைக் காப்பாற்றுவதாக நினைத்து இத்தனை நாள் எதை வளர்த்து வைத்திருந்தோம் என்று சென்றாயனுக்கு அப்போது உறைத்தது. ஆள் பின்வாங்கவில்லை.

"எடுத்துடுங்க மேடம்."

சர்க்கரையைச் சோதித்து, மருந்து ஏற்றி, மரத்துப்போக ஊசி போட்டுச் சீழை வடித்தார்கள். பல்லையும் எடுத்தார்கள். இரண்டொரு நாளில் வீக்கம் வடிந்து இமை தானாகத் திறந்தது. முதலில் தெரிந்தது ருக்மணியின் முகம். அப்பாடா என்றிருந்தது.

அடுத்த மாதம் கம்பெனியில் கண் பரிசோதனை. கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்தார். அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார். அதை யாரும் படிக்கச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைத்தபடி இந்தப் பெருமையை மூன்றாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தபோது ருக்மணி சொன்னாள்:

"தூரத்துப் பஸ்ஸெல்லாம் தெரியுது உங்களுக்கு. நான் ரெண்டு வருஷமா ஒரு பக்கமாவே மெல்றேன், அது தெரியல."

"சொல்றதுக்கென்ன?"

"மேல் பல்லுங்க. நீங்கதானே கண்ணு போயிடும்னீங்க."

சென்றாயன் கையைக் கழுவிவிட்டு, நாளைக்கு லீவு என்று கம்பெனிக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலை ருக்மணியோடு நிறுத்தத்தில் நின்றார். கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஒரு பஸ், புள்ளியாகத்தான் தெரிந்தது. "ஓசூர். நிக்கும், எழுந்திருங்க" என்றார். என்ன விஷயம், லீவா என்று யாரோ கேட்டார்கள்.

"இவளுக்கு மேல் பல்லு வலி. அடைக்கணுமா எடுக்கணுமான்னு டாக்டரம்மா சொல்லுவாங்க." நிறுத்தம் முழுக்கக் கேட்கிற மாதிரித்தான் சொன்னார். பிறகு உதட்டை விரலால் தூக்கி, பல் போன இடத்தை எல்லாருக்கும் காட்டினார்.

"நான் சொன்னது தப்பு. இந்த ஓட்டையைப் பாத்துக்குங்க, அதோ வர்ற பஸ்ஸையும் பாத்துக்குங்க."

பஸ் வந்து நின்றது. ஓசூர்தான்.