கார் சாப்பிடுகிற சனிக்கிழமைகள்

மின்சாரக் காருக்குப் பூசை போட்ட அன்றே நான் ஒரு தவறு செய்தேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் இருக்கும் கோயில். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி முடித்த ஐயர் கொஞ்சம் ஒதுங்கி நின்று, "ஸ்டார்ட் பண்ணுங்கம்மா" என்றார்.

"பண்ணிட்டேன் சாமி."

"சத்தமே காணோமே?"

"இதுல சத்தம் வராது சாமி."

என் கணவரின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுபவர், ஜன்னல் பக்கம் குனிந்தார். "நல்லா பாரும்மா. ஓடாத வண்டிய நாலு பேரு தள்ளி பழத்த நசுக்கக் கூடாது."

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. என் சுபாவம் அப்படி. பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிறவள் நான். பொத்தானை இன்னொரு முறை அமுக்கினேன். ஓடிக்கொண்டிருந்த கார் அணைந்தது. அதுவும் யாருக்கும் கேட்கவில்லை. கணவர் எட்டிப் பார்த்து, "ஆஃப் பண்ணிட்ட" என்று மெதுவாகச் சொன்னார். மூன்றாம் முறை அமுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காலை வைத்தேன். எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தத்தில்தான் கார் நகர்ந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

அதற்கு முன் என்னிடம் இருந்தது ஒரு சின்ன பெட்ரோல் கார். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. பெட்ரோல் குறைந்து சிவப்பு விளக்கு எரிந்தாலும் இன்னும் இரண்டு நாள் ஓட்டலாம் என்ற தைரியத்தை அது ஒன்றுதான் எனக்குக் கொடுத்திருந்தது. கிள்ளானுக்கு, அம்மாவைப் பார்க்கப் போக நினைத்தால், வழியில் ஐந்து நிமிடம் பெட்ரோல் நிலையத்தில் நின்றால் போதும். அதேபோல் திரும்பி வந்துவிடவும் முடியும். அந்த இரண்டாவது வாக்கியத்தின் பொருள் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கணவர் மின்சாரக் காரின் நல்லதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். எஞ்சின் எண்ணெய் மாற்ற வேண்டாம், அடிக்கடி பட்டறைக்குப் போக வேண்டாம், ஜாமில் நின்றாலும் வீணாக எரியாது. அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்தத்தில் சார்ஜ் செய்ய வழியில்லை. வாரத்தில் ஒருநாள், வியாழக்கிழமை, அலுவலகம் முடிந்ததும் பக்கத்துப் பேரங்காடியில் ஒரு மணி நேரம் காரை மாட்டிவிட்டுக் காய்கறி வாங்க வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் எனக்குக் குற்ற உணர்ச்சி. மகளுக்கு இரண்டு வயது. வீட்டில் அத்தை அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார். நான் தக்காளியை உருட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

முதல் மாதம் ஒரு சனிக்கிழமை, மகளைப் பின்னால் உட்கார வைத்துக் கிள்ளானுக்குப் புறப்பட்டேன். ஃபெடரல் நெடுஞ்சாலையில் மழை. சுபாங் தாண்டியதும் கார்கள் அப்படியே நின்றுவிட்டன. திரையில் மீதி சார்ஜ் முப்பத்தொன்று விழுக்காடு என்ற எண். கொஞ்ச நேரத்தில் முப்பது. பெட்ரோல் முள் இப்படிப் பயமுறுத்தாது, ஒரு முள் எங்கே நிற்கிறது என்று நாமாக நினைத்துக்கொள்ளலாம். எண் அப்படியில்லை. இருபத்தெட்டு ஆனபோது நான் ஏர்கோண்டை அணைத்தேன். மழைக்காக ஜன்னலும் மூடியிருந்தது. மகள் முதலில் பாடிக்கொண்டிருந்தாள், பிறகு பாடவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கன்னம் இரண்டும் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. உடனே மறுபடி போட்டேன். ஜாமில் நிற்கும்போது இந்தக் கார் ஏறக்குறைய எதையுமே செலவழிப்பதில்லை என்று பிறகு கணவர் விளக்கினார். அன்றைக்கே தெரிந்திருந்தாலும் நான் அணைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இன்றும் அந்தக் கன்னங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன.

கிள்ளானில் அம்மா வீட்டு கேட் அருகில் நின்றிருந்தார். "நீ வர்றதே தெரிய மாட்டேங்குதே. பூன மாதிரி வர்ற."

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டினார். பழைய டீசல் வேன். அது எங்கள் குடியிருப்புத் தாமானின் முனையில் திரும்பும்போதே எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு அம்மா மின்சாரக் கெத்தலில் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார். அப்பா செருப்பைக் கழற்றும்போது தேநீர் தயாராக இருக்கும். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. வேனை விற்றாயிற்று. வீட்டு முன் போர்ச்சின் சிமெண்டுத் தரையில் அது நின்ற இடத்தில் கரும் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. அம்மா பூச்சட்டிகளைச் சுவரோரமாக வைத்திருந்தாரே தவிர, அந்தக் கறைமேல் ஒன்றையும் வைக்கவில்லை.

அன்றைக்கு நான் காரை உள்ளே விடுவதற்கு முன், அம்மா ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கறைமேல் விரித்தார். அப்பா வேனுக்கு அடியில் எண்ணெய் சொட்டாமல் இருக்க அப்படித்தான் விரிப்பார்.

"இதுல எண்ணெயே கெடையாதும்மா."

"இருக்கட்டும். காருன்னா ஏதாச்சும் ஒழுகும்."

வந்து சேர்ந்தபோது இருபத்திரண்டு. திரும்பிப் போக அது தாராளமாகப் போதும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரியாது. காரின் பின்பெட்டியிலிருந்து சார்ஜ் வயரை எடுத்து, கண்ணாடிப் பட்டை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, கூடத்து மூன்று முள் பிளக்கில் மாட்டினேன். சார்ஜ் எப்போது நிறையும் என்று திரை காட்டியது. மறுநாள் காலையில் ஒரு நேரம்.

அத்தையை அழைத்தேன். அவர் கண்டிப்பானவர் இல்லை. ஆனால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு மருமகளும் பேத்தியும் வீட்டில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர். காரணமில்லாமல் கல்யாணமான பெண் அம்மா வீட்டில் தங்கினால், 'என்னா சண்ட?' என்று நாலு பேர் கேட்பார்கள். இதை அத்தை மட்டுமல்ல, என் அம்மாவும் நம்புகிறார். அதனால்தான் கல்யாணமான இந்த நான்கு வருடங்களில், பிரசவத்துக்குப் போனதைத் தவிர, நான் ஓரிரவும் அங்கே தங்கியதில்லை. ஐந்து மணி ஆனதும், "கெளம்பும்மா, ஜாம் ஆயிடும்" என்று அம்மாவே என் கைப்பையை எடுத்துக் கொடுப்பார்.

"கார்ல சார்ஜ் இல்ல அத்தை. ராத்திரி பூரா போடணும்."

"அய்யோ, அப்ப வராத. பிள்ளய வெச்சிக்கிட்டு நடுரோட்டுல நின்னுடப் போற. காலைலயே வா."

போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா எழுந்தார். உள்ளே போய் கெத்தலில் தண்ணீர் வைத்தார். அவ்வளவுதான், வீடு முழுவதும் கரண்ட் போய்விட்டது. பழைய வீட்டு வயரிங். காரையும் கெத்தலையும் ஒன்றாகத் தாங்காது. பக்கத்து வீட்டு அங்கிள் டார்ச் லைட்டோடு வந்து சுவிட்சைத் தூக்கிவிட்டார். வயரைப் பார்த்ததும் அவருக்கு ஒரே வேடிக்கை.

"இது என்னா லா, காரா ஹேண்ட்போனா? மாட்ட கட்டுன மாதிரி கட்டி வெச்சிருக்கீங்க. அவுத்தா ஓடிடுமா?"

"கார் சாப்பிடுது அண்ணே," என்றார் அம்மா. "சத்தம் போடாதீங்க."

அன்றிலிருந்து அது அந்த வீட்டுச் சட்டம் ஆயிற்று. கார் சாப்பிடும்போது கெத்தல் இல்லை, ஏர்கோண்ட் இல்லை, இஸ்திரிப்பெட்டி இல்லை. காற்றாடி மட்டும். உள்ளே புழுக்கம் தாங்காமல் நானும் அம்மாவும் போர்ச்சில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கார் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். மகள் அம்மா மடியில் தூங்கிவிடுவாள். நான் நடுவில் நடுவில் எழுந்துபோய் பிளக் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். அம்மா தன் முழங்கால் வலியைப் பற்றி, சந்தையில் மீன்காரர் சொன்னதைப் பற்றி, அப்பா வேனில் வந்த ஒரு பிள்ளை இப்போது டாக்டராகிவிட்டதைப் பற்றிச் சொல்வார். ஐந்து மணிக்குக் கிளம்புகிறவளிடம் சொல்லாத விஷயங்கள் அவை. பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் அவற்றைச் சொல்வதற்கு அவசரமில்லாத ஒரு நேரம் வேண்டியிருந்தது. அதைப் பெட்ரோல் கார் எங்களுக்குக் கொடுக்கவே இல்லை.

அடுத்த வியாழன் நான் பேரங்காடியில் காரை மாட்டவில்லை. கணவர் கேட்டபோது, "நெறைய கார் நின்னுச்சி" என்றேன். இரண்டு கார்தான் நின்றன. அதற்கடுத்த வியாழனும் அப்படியே. இப்படிச் சில மாதங்கள் சனிக்கிழமை தோறும் குறைவான எண்ணோடு கிள்ளானுக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் அத்தையிடம் சார்ஜ் இல்லை என்று சொன்னது உண்மைதான். அது உண்மையாக இருக்கும்படி நானே பார்த்துக்கொண்டேன் என்பதுதான் என்னை உறுத்தியது. இவ்வளவு படித்தவள், அம்மாவோடு இருக்க வேண்டும் என்று ஒரு வரி சொல்லத் தெரியாமல், ஒரு காரைப் பட்டினி போடுகிறேனே என்று நினைப்பேன். ஞாயிறு காலை கேட்டைத் தாண்டும்போது திரும்பிப் பார்ப்பேன். அம்மா அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் ஒரு சொட்டும் இருக்காது. மடித்துக் கதவுக்குப் பின்னால் வைப்பார், அடுத்த வாரத்துக்கு.

பிறகு எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சார்ஜ் செய்யும் வசதி வந்தது. மின்தூக்கியில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கணவர் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு. "இனி ஒனக்கு அலைச்சலே இல்ல."

அத்தைக்கும் மகிழ்ச்சி. "நல்லதாப் போச்சு. பாவம், வாராவாரம் அங்க போயி புழுக்கத்துல படுத்துக் கெடந்தீங்க. இனிமே பொழுதோட வந்துடலாம்."

நான் சிரித்தேன். நல்ல செய்திக்குச் சிரிக்கத்தானே வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை தொண்ணூற்றாறில் புறப்பட்டேன். எண்ணைப் பார்க்காமல் ஓட்டிய முதல் பயணம் அது. ஏர்கோண்ட் முழுசாக ஓடியது. அம்மா அட்டையை விரித்து, ஜன்னல் பட்டைகளைத் திறந்து, வயருக்காகக் கை நீட்டிக்கொண்டு நின்றார்.

"வேணாம்மா. வீட்லயே போட்டுட்டேன்."

"ஓ. நெறஞ்சே வந்துட்டியா?" பட்டைகளை மூடினார். "நல்லதுதான். பிளக்கு சூடாவுதுன்னு நீயும் பயந்துக்கிட்டே இருந்த."

ஐந்து மணிக்குக் கைப்பையை எடுத்துக் கொடுத்தார். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் கிளம்பும்போது, நான் பின்பெட்டியைத் திறந்து வயரை எடுத்து, போர்ச்சுச் சுவரில் அப்பா வேன் சாவி மாட்டும் ஆணியில் தொங்கவிட்டேன். ஏன் செய்தேன் என்று ஃபெடரல் நெடுஞ்சாலை முழுவதும் என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஞாயிறன்று பின்பெட்டியில் அரிசி மூட்டையை வைத்த கணவர், "வயரக் காணோமே?" என்றார்.

"அம்மா வீட்ல இருக்கு."

"மறந்துட்டியா?"

நான் எதையும் மறப்பவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அத்தை பக்கத்தில் மகளின் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

"இல்ல," என்றேன். "மறக்கல."

 கணவர் பின்பெட்டியை மூடினார். அத்தை ஒரு செருப்பை மாட்டியபின் இன்னொன்றை வெகு நேரம் மாட்டினார். வாரம் முழுவதும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாததால் நான் தினமும் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை மகளின் பையில் அவளுடைய தூங்கும் சட்டையை வைத்தேன். பிறகு எடுத்தேன். பிறகு வைத்தேன். திரும்பினால் அத்தை கதவருகில் நின்றிருந்தார்.

"கார்ல சார்ஜ் இருக்கா?"

"இருக்கு அத்தை. நெறைய இருக்கு."

அவர் பையைப் பார்த்தார். "சரி. நாளைக்கு வரும்போது கிள்ளான் சந்தையில நல்ல வெத்தல கெடச்சா வாங்கிட்டு வா. இங்க உள்ளது வாடிக் கெடக்கு."

நாளைக்கு என்ற அந்த ஒரு சொல்லை நான் போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எல்லா வாரமும் அது கிடைக்குமா என்று தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்கு நெஞ்சுக்குள் அதே கேள்விதான்.

அம்மா ஆணியிலிருந்து வயரைக் கழற்றப் போனார். தடுத்தேன். "வேணாம்மா. நெறஞ்சிருக்கு."

"அப்ப அஞ்சு மணிக்கே..."

"இல்லம்மா. நாளைக்குத்தான் போறேன். அத்தைகிட்ட சொல்லிட்டேன்."

சொன்னது நானா அத்தையா என்ற குழப்பம் எனக்கே இருந்தது. அம்மா என்னை ஒரு நொடி பார்த்தார். சண்டையா என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. உள்ளே போய் கெத்தலில் தண்ணீர் வைத்தார். பேத்திக்காக அறையில் ஏர்கோண்டைப் போட்டார். தண்ணீர் கொதிக்கும்போதே என் கசங்கிய சட்டையை வாங்கி இஸ்திரி போட்டார். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடின. வீடு தாங்கியது.

மகள் குளிர்ந்த அறையில் தூங்கினாள். எங்களுக்கும் அங்கே இடம் இருந்தது. ஆனாலும் அம்மா இரண்டு நாற்காலியையும் போர்ச்சுக்கே தூக்கிக்கொண்டு வந்தார். காருக்கு அடியில் அட்டை சுத்தமாகக் கிடந்தது. தேநீர் சூடாக இருந்தது.