இடது பக்கத்து அடி

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் எங்கள் தம்போயில் எனக்கு இரும்புத் தாடை என்று ஒரு பேர் இருந்தது. பதினோரு வருடம் குத்துச்சண்டை போட்டேன். தோற்ற போட்டிகளை எண்ண ஆரம்பித்தால் எனக்கே சலிப்புத் தட்டிவிடும். ஆனால் ஒரு தடவைகூட அடி வாங்கிக் கீழே விழுந்ததில்லை. என்னை ஜெயித்தவர்கள் எல்லாரும் புள்ளிக் கணக்கில்தான் ஜெயித்தார்கள். ஜெயித்துவிட்டு, வலிக்கிற கையைத் தடவிக்கொண்டு போனார்கள். எனக்கு அது போதுமான பெருமையாக இருந்தது.

உண்மையில் இதற்கும் தாடைக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. முகத்தில் அடி விழுந்ததும் தலை வெடுக்கென்று திரும்புகிறது. உள்ளே மூளை குலுங்குகிறது. ஆள் காலி. தலையை எவ்வளவு குறைவாகத் திரும்ப விடுகிறோமோ, அவ்வளவுக்கு நிற்கலாம். அதனால்தான் மோவாயை நெஞ்சை நோக்கி இறக்கு, பல் கவசத்தை நன்றாகக் கடி, வாயைப் பிளந்துகொண்டு நிற்காதே, கழுத்தை உரமாக்கு என்று பயிற்சியாளர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் காய்ந்து போய் மேடை ஏறுகிறவன் சின்ன அடிக்கே சுருண்டு விழுவதையும் பார்த்திருக்கிறேன். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. வருகிற அடியைப் பார்க்க வேண்டும். கண் பார்த்துவிட்டால் யாரும் சொல்லாமலே கழுத்து இறுகும், தோள் உயரும், தலை கொஞ்சம் விலகும். பார்த்து வாங்கிய பலத்த அடியில் நின்றவன், பார்க்காமல் வாங்கிய அரை அடியில் விழுவான். இது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

எங்கள் பயிற்சிக்கூடம் தம்போயில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கடையும் கூடமும் என் நண்பனுடையவை. ஒன்றாகப் படித்தவன். கீழே டயர் மாற்றுவான், ஆறு மணிக்கு மேல் மாடிக்கு வந்து எங்களைத் திட்டுவான். அந்த வருடம் கோத்தா திங்கியில் ஒரு போட்டிக்கு எனக்கு அழைப்பு வந்தது. எதிராளி என்னை இரண்டு முறை தோற்கடித்தவன். எனக்கு முப்பத்தாறு வயது. இதுதான் கடைசி என்று நண்பன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அந்தப் போட்டி எனக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேறு எதற்கும் நான் அந்த அளவுக்கு ஆசைப்பட்டதில்லை.

போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, பயிற்சியிலேயே விழுந்தேன். என்னைவிட எட்டுக் கிலோ குறைந்த ஒருவன் வலது கையை அகலமாகச் சுற்றி அடித்தான். அது என் இடது காதுக்குக் கீழே விழுந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது கூரையும், அதற்குக் கீழே நண்பனின் முகமும்தான்.

"அலமாக்! இந்த அடிக்காடா விழுந்தே?" என்றான். அடித்தவன் என்னைவிட அதிகமாகப் பயந்துபோயிருந்தான். பாவம், மன்னிப்பு வேறு கேட்டான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நண்பன் ஒரு மாதத்துக்கு என்னை யாரோடும் மோத விடவில்லை. அது முடிந்ததும் கழுத்துப் பயிற்சி. கடையிலிருந்து மோட்டார் சைக்கிளின் உள் டியூப் ஒன்றைக் கொண்டுவந்து, ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை என் நெற்றியில் மாட்டினான். நான் முன்னால் இழுக்க வேண்டும், பிறகு பக்கவாட்டில், பிறகு பின்னால். கீழே டயர் மாற்ற வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். சட்டைக் காலர் பொத்தான் போட முடியாத அளவுக்கு என் கழுத்து தடித்தது.

அதற்கப்புறமும் விழுந்தேன். இந்த முறை முழங்கால் மட்டும்தான் தரையைத் தொட்டது. அதே வலது கை, அதே இடது பக்கம், அடியும் லேசானது.

"தாடை போச்சு மச்சான்," என்றான் நண்பன். "வயசாச்சு லா. ஒத்துக்க."

அவனிடம் ஒரு விஷயத்தை நான் சொல்லவில்லை. சில மாதங்களாகவே இடது கண்ணில் கறுப்புப் புள்ளிகள் மிதந்துகொண்டிருந்தன. இருட்டான அறைக்குள் போனால் கண்ணோரத்தில் மின்னல் மாதிரி வெட்டும். பிறகு கண்ணின் கீழ்க்கோடியில், இடது ஓரத்தில், ஒரு சாம்பல் நிழல் வந்து உட்கார்ந்தது. நான் தினமும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். தலைக்கவசத்தின் கண்ணாடிதான் கீறிப் போய்விட்டது என்று நினைத்துப் புதுக் கண்ணாடி வாங்கி மாட்டினேன். நிழல் அப்படியே இருந்தது. கவசத்தைக் கழற்றிய பிறகும் இருந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இருந்துகொண்டேன். சொன்னால் போட்டி போய்விடும்.

பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நகரும். ஒரே வாரத்தில் இரண்டு முறை என் இடது பக்கத்துக் கண்ணாடி அடுத்தவன் கண்ணாடியில் மோதியது. இரண்டாவது ஆளை நான்தான் முதலில் திட்டினேன். அவன் கோபப்படக்கூட இல்லை. "பாங், பூத்தா கே?" என்றான். அண்ணே, கண் தெரியலையா என்று மலாயில் கேட்கிறான். நான் முறைத்துவிட்டு வந்தேன்.

போட்டிக்கு முன்னால் கிளினிக்கில் மருத்துவப் பரிசோதனை. நான் யாரையும் ஏமாற்றவில்லை என்று வெகு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரைக்கும் படித்தேன். நேராகப் பார்க்கிற பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஓரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. தகுதி என்று கையெழுத்தாகிவிட்டது. அந்தத் தாளைப் பார்த்து நண்பன் அரை மனதோடு தலையாட்டினான்.

சனிக்கிழமை போட்டி. வியாழக்கிழமை மாலை நான் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, எதிராளியின் பழைய சண்டை ஒன்றைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி எனக்கு இடது பக்கம் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் கன்னத்தில் ஏதோ வந்து பட்டது. பார்த்தால், உருட்டி வைத்த காலுறை.

"என்ன விளையாட்டு இது?" என்றேன்.

அவள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். நான் திரும்பக் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்ததும் இன்னொரு காலுறை வந்து அதே கன்னத்தில் பட்டது. அவள் எழுந்து, வலது பக்கம் போய் உட்கார்ந்து, அங்கிருந்து ஒன்றை எறிந்தாள். அதை நான் பார்க்காமலே, அதாவது கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, கையால் பிடித்துவிட்டேன். எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. மறுபடி இடது பக்கம் வந்தாள். எறிந்தாள். காதில் பட்டது.

"இன்னொன்னு போடவா?" என்றாள். குரல் நடுங்கியது.

நான் கத்தினேன். போட்டி நேரத்தில் மனிதனைப் பைத்தியமாக்குகிறாய், உனக்கு நான் ஜெயிப்பது பிடிக்கவில்லை, அது இது என்று என்னென்னவோ கத்தினேன். என்னிடம் அந்தக் குணம் உண்டு. மாட்டிக்கொண்டால் சத்தம் போடுவேன். அவள் மடித்த துணிகளை எடுத்து அடுக்கிவிட்டு, என் நண்பனுக்கு போன் செய்தாள்.

அவன் கையில் கிரீஸோடு அப்படியே வந்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் என்னை நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு, என் இடது பக்கத்தில், இடுப்பு உயரத்தில், கையை மெல்ல அசைத்தான்.

"என் கை எங்கடா இருக்கு?"

"கீழ தொங்குது."

"எத்தன விரலு காட்டுறேன்?"

நான் மூன்று என்றேன். அவன் கையை மூடி வைத்திருந்தானாம். என்னைத் திட்டப் போகிறான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"கழுத்துக்கு டியூப கட்டி இழுக்க விட்டேன் பாரு, நான் ஒரு மடையன்," என்றான். "நாளைக்குக் கண் டாக்டர பாரு. அவங்க சரின்னு சொன்னா நான் உன் மூலையில நிக்கிறேன். இல்லாட்டி நீ தனியாத்தான் போவணும்."

சுற்றுக்குச் சுற்று கவனித்துக்கொள்ள மூலையில் ஓர் ஆள் நிற்காமல் மேடை ஏற முடியாது. இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கண் மருத்துவர் ஒரு பெண்மணி. மருந்து விட்டு, பளீரென்ற விளக்கை வைத்து நீண்ட நேரம் பார்த்தார். விழித்திரை ஓரத்தில் கிழிந்து, அங்கிருந்து கழன்றுகொண்டே வருகிறது என்றார். பழைய அடி ஏதாவது காரணமாக இருக்கலாம். மெதுவாகக் கழன்றதால் இத்தனை மாதம் தாக்குப் பிடித்திருக்கிறது. நடுப்பகுதி மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"அப்புறம் எப்படி டாக்டர் இவ்வளவு நாள் தெரியாமப் போச்சு?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஒரு கண்ணு பாக்காதத இன்னொரு கண்ணு பாத்துக்கும். ஆனா கடைசி ஓரத்துக்கு வலது கண்ணு எட்டாது. கீழ மூக்கு வேற மறைக்கும்," என்றார். என் மூக்கை ஒரு தடவை பார்த்தார். மூன்று முறை உடைந்த மூக்கு, மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மறைக்கும்.

நாளை ஒரு போட்டி இருக்கிறது, அதை மட்டும் முடித்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இப்போது எழுதவே கை கூசுகிறது. அவர் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டு என் மனைவியிடம் பேசினார். தலையில் இன்னும் ஒரு நல்ல அடி விழுந்தால் நடுப்பகுதியும் கழன்றுவிடலாம், பிறகு ஒட்ட வைத்தாலும் பழைய பார்வை வருவது கஷ்டம் என்றார். சனிக்கிழமை காலையிலேயே அறுவை சிகிச்சை. கண்ணைச் சுற்றி சிலிக்கோன் பட்டை ஒன்றை வைத்துத் தைத்தார்கள். மாலையில் கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்தபோது நண்பன் வந்தான். எனக்குப் பதிலாக யாரோ ஒருவன் மேடை ஏறுகிறானாம். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அழுதேன். அழக்கூடாது என்று தாதி வந்து அதட்டினார்.

கண் தப்பியது. இடது கோடியில் ஒரு மெல்லிய கீற்று மட்டும் திரும்ப வரவில்லை. இனி தலையில் அடி வாங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். லேசான பயிற்சியாவது செய்யலாமா என்று அடுத்தடுத்த சந்திப்புகளில் கேட்டுப் பார்த்தேன். மருத்துவர் ஒவ்வொரு முறையும் என் மனைவியைத்தான் பார்த்தார். இப்போது பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். மாலையில் டயர் கடை மாடியில் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். யார் விழுந்தாலும் முதலில் கண்ணைப் பற்றித்தான் கேட்கிறேன். எரிச்சல்படுகிறார்கள். படட்டும்.

சில மாதங்கள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் மனைவியும் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் கண்ணை அவள் எப்படி அவ்வளவு சாமர்த்தியமாகக் கண்டுபிடித்தாள் என்று பாராட்டினேன். நான் பாராட்டுவது அபூர்வம். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"நான் எங்க கண்டுபிடிச்சேன்?" என்றாள். "மொத தடவ கோவத்துலதான் எறிஞ்சேன். உங்க சட்டைய மடிச்சு நீட்டிக்கிட்டே இருக்கேன், நீங்க வாங்கவே இல்ல. சரியான திமிரு புடிச்ச ஆளுன்னு எறிஞ்சேன். மூஞ்சில பட்ட பொறவு நீங்க முழிச்ச முழி இருக்கே, அதப் பாத்துதான் சந்தேகம் வந்துச்சு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"லாபிஸ்லயும் அப்படித்தான்," என்றாள்.

அந்தக் காலத்தில்தான், சிகிச்சைக்கு மூன்று மாதம் முன்பு, லாபிஸில் அவள் அப்பா இறந்திருந்தார். பதினாறாம் நாள் காரியத்தில் நாங்கள் இருவரும் அவர் படத்துக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தோம். அவள் எனக்கு இடது பக்கம். அவள் அழுதது எனக்கு நினைவில்லை. அன்று ஒரு பயிற்சி போய்விட்டதே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

"லாபிஸ்ல என்ன?"

"உங்க கைய புடிச்சுக்கணும் போல இருந்துச்சு. அத்தன பேருக்கு முன்னால நானா புடிக்க கூச்சமா இருந்துச்சு. அதான் என் கைய உங்க முட்டிக்கிட்ட நீட்டி வெச்சேன். நீங்க நேரா அப்பா படத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

உன் கை என் கண்ணில் படவே இல்லை என்றேன். அவள் தெரியும் என்றாள், இப்போது தெரியும், அப்போது தெரியாது என்றாள்.

"எவ்வளவு நேரம் வெச்சிருந்தே?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"தேவாரம் பாடி முடிக்கிற வரைக்கும்."