மழலை என்று தேடினால் வராது

மழை பெய்தால் எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்கு லீவு. மருந்தில் ஈரம் ஏறிவிடும், மின்னலுக்குப் பயம், காயவைக்க வெயிலும் கிடையாது. காலையில் வேலைக்குப் போனவர்கள் மதியமே தூக்குவாளியோடு திரும்பிவிடுவார்கள். அப்படி ஒரு கோடை மழை நாளில்தான் அந்த அக்கா எங்கள் அச்சகத்துக்கு வந்தார்.

நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். விருதுநகரிலிருந்து தினமும் பஸ். படம் வரைவதும் எழுத்துக் கோப்பதும் டிசைனர்கள் வேலை. அவர்கள் செய்தது காணாமல் போகாமல் காப்பது என் வேலை. யாராவது எதையாவது அழித்துவிட்டு, "சிஸ்டம் தின்னுருச்சு மேடம்" என்று வந்து நிற்பார்கள். சிஸ்டம் எதையும் தின்னாது, நீங்கள்தான் தின்றிருப்பீர்கள் என்று சொல்லிக்கொண்டே பேக்கப்பில் இருந்து எடுத்துக் கொடுப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அன்று தீபாவளி ஆர்டர்கள் இன்னும் சூடுபிடிக்கவில்லை. டிசைனர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வெளியே மேகம் இறங்கி, பட்டப்பகலிலேயே அறை இருட்டியிருந்தது. கீழ்த்தளத்தில் மெஷின் ஓடும் சத்தம் சுவர் வழியாக லேசாக வந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் எனக்குக் கண் சொக்கும்போதுதான் வாசலில் அவர் நின்றார். சேலைத் தலைப்பில் மழைத்துளி, விரல் நகங்களில் கழுவியும் போகாத அலுமினியத் தூள்.

"முன்னாடி இங்கன பைண்டிங்ல இருந்தேன் தங்கச்சி. இப்ப எம். புதுப்பட்டியில பட்டாசுக் கம்பெனிக்குப் போறேன். என் மூத்த பிள்ளை படம் ஒரு லேபிள்ல வந்துச்சு. மத்தாப்புப் பெட்டிக்கு. அதை எடுத்துத் தருவீகளா?"

"வீட்ல ஒண்ணும் இல்லையாக்கா?"

"பெட்டி ஒண்ணு வச்சிருந்தேன், கரையான் தின்னுருச்சு. போன்ல இருந்துச்சு. கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாக. வாசல்ல பையோட மாட்டிட்டுப் போனேன். போன மளையில நனைஞ்சு, அதுவும் போச்சு." ஈரத் தலைப்பைப் பிழிந்துகொண்டார். "பிள்ளை இல்ல தங்கச்சி. ரெண்டு வயசு முடியறதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டா. சின்னவன் கேக்கான், அக்கா எப்பிடி இருப்பான்னு. எனக்கே இப்ப மொகம் சரியாப் பிடிபட மாட்டேங்குது."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

யோசித்தால் விசித்திரமாக இருந்தது. அந்தக் குழந்தையின் முகத்தை நாங்கள் எத்தனை ஆயிரம் அடித்திருப்போம். லாரி லாரியாக எங்கெங்கோ போய், தெரியாத வீடுகளில் எல்லாம் சிரித்திருக்கும். ஆனால் எங்கள் ஊரில் அச்சாவது பெரும்பாலும் கிழித்து எறிவதற்குத்தான். பெட்டியைக் கிழித்தால்தான் மத்தாப்பு கையில் வரும். பெற்றவளிடம் ஒன்றுகூட இல்லை.

பழைய பேக்கப்புகள் முதலாளி அறை பீரோவில் ஹார்ட் டிஸ்க்குகளாக இருக்கின்றன. ஆயுத பூஜைக்கு மெஷின்களோடு சேர்த்து அவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்கள். வேண்டாம் என்று ஒவ்வொரு வருஷமும் கத்துகிறேன், ஒவ்வொரு வருஷமும் வைக்கிறார்கள். அன்று எடுத்த டிஸ்க்கில் ஒயர் சொருகும் துவாரத்திலேயே சந்தனம் காய்ந்து கிடந்தது. திட்டிக்கொண்டே பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தேன். அக்கா லேசாகச் சிரித்தார். டிஸ்க்கில் பச்சை விளக்கு எரிந்தபோது, சாமி கண்ணைத் திறந்ததுபோல இரண்டு பேரும் நிமிர்ந்தோம்.

அந்தப் பழைய பேக்கப்பில் படங்கள் தெரியாது. கோப்புகளின் பெயர்கள் மட்டும்தான் வரும். பெயரைத் தேடி, டிக் போட்டு, மீட்டெடுத்த பிறகே திறந்து பார்க்க முடியும். 'பேபி' என்று போட்டேன். ஏராளமாக வந்தன. எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். பச்சைக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது. மழை ஓட்டின்மேல் பெய்யத் தொடங்கியது.

பிறகு குழந்தைகள் வந்தார்கள். தொப்பி போட்ட குழந்தை, ராக்கெட்டைக் கட்டிக்கொண்ட குழந்தை, பூச்சட்டிக்கு நடுவில் தவழ்ந்துவரும் குழந்தை. எல்லாரும் வெள்ளை வெளேரென்று, ரோஸ் கன்னத்தோடு. இருட்டறையில் ஒவ்வொரு முகமாகத் திரையில் மலர்ந்து எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. இவர்களுக்கு எல்லாம் இப்போது என்ன வயது, எந்தக் காலேஜில் படிக்கிறார்கள், தங்கள் முகம் இந்தப் பீரோவுக்குள் இருப்பது தெரியுமா என்று மனம் எங்கெங்கோ போயிற்று. அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். இல்லை. இல்லை.

"லேபிளுக்கு என்ன பேருன்னு ஞாபகம் இருக்காக்கா?"

டீ வந்து, குடித்து, டம்ளரைக் கீழே வைக்கும்போது அவருக்கு ஞாபகம் வந்தது. "மளலைன்னு போட்டிருந்தாக தங்கச்சி."

மழலை. நான் ழகரத்தைச் சுத்தமாகச் சொல்லுகிறவள். பஸ்ஸில் யாராவது வாளைப்பளம் என்றால் மனசுக்குள் திருத்திக்கொள்வேன். கோப்புகளுக்கு எங்கள் ஆட்கள் ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைப்பார்கள். ஆகவே ழகரத்துக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த இசட்டும் ஹெச்சும் சேர்த்து மழலை என்று அடித்தேன். எதுவும் வரவில்லை. ஹெச்சை எடுத்துப் பார்த்தேன். வரவில்லை. அடுத்த டிஸ்க், அதற்கடுத்த டிஸ்க். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அப்போது கீழே பைண்டிங் பக்கம் யாரோ கூப்பாடு போட்டார்கள்.

"ஏலே, மளை சாரல் அடிக்குலே! பேப்பரை உள்ள எடுங்கலே!"

மளை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த லேபிளைச் செய்த டிசைனரும் இந்த ஊர்க்காரர்தானே? தமிழில் அச்சடிக்கும்போது நாலு பேர் பிழை பார்த்து ழகரத்தைச் சரியாகப் போட்டிருப்பார்கள். கோப்பின் பெயரை யார் பார்க்கப் போகிறார்கள்? வாயில் வந்தபடிதான் வைத்திருப்பார். இசட்டை எடுத்துவிட்டு, வெறும் எல் போட்டு, அக்கா சொன்ன மாதிரியே மளலை என்று அடித்தேன்.

ஒன்றே ஒன்று வந்தது.

டிக் போட்டேன். பச்சைக் கோடு முடிந்ததும் திறந்தேன். தங்க எழுத்தில் மழலை, சுற்றிலும் மத்தாப்புப் பொறி, நடுவில் தனியாக உட்கார்ந்து சிரிக்கும் குழந்தை. நான் பெருமையோடு திரும்பினேன்.

அக்கா வெகுநேரம் பார்த்தார். "லேபிள் இதுதான்" என்றார். பிறகு மெதுவாக, "எம்பிள்ளை மாதிரி இல்லையே" என்றார்.

திரையில் இருந்தது இன்னொரு வெள்ளைக் குழந்தை. ரோஸ் கன்னம், சிவந்த உதடு. கறுத்த பிள்ளையை எந்த லேபிளிலும் நாங்கள் கறுப்பாக விடுவதில்லை, அது தொழில் வழக்கம். எனக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் பிள்ளையின் முகத்தைத் தேடி வந்தவள் உட்கார்ந்திருக்க, நாங்கள் கொடுத்தது இதுவா என்று வெட்கமாகவும் இருந்தது.

அப்புறம்தான் திரையின் ஓரத்தைக் கவனித்தேன். லேயர்கள் அப்படியே இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக விரித்த கண்ணாடித் தாள்கள் மாதிரிதான் லேயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கண் படம் உண்டு. அதைத் தட்டினால் அந்தத் தாள் மறைந்துவிடும். "இருங்கக்கா" என்றேன்.

தங்க எழுத்து போயிற்று. பொறிகள் அணைந்தன. உதட்டுச் சிவப்பு, கன்னத்து ரோஸ், பிறகு அந்த வெள்ளை. உள்ளேயிருந்து கறுப்பாக, கண் நிறைய மையும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டுமாக ஒரு பிள்ளை மெல்ல வெளியே வந்தது. மேல் உதட்டில் வேர்வை. லேபிளில் இருந்ததுபோல அது தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து விலாவைப் பிடித்திருந்தது. ரப்பர் வளையல் போட்ட கை.

அக்கா சத்தமில்லாமல் அழுதார். நானும் அழுதேன், சொல்லுவதற்கு என்ன. கீழே மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்ப அவளுக்கு உக்காரத் தெரியாது தங்கச்சி" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "படம் எடுக்கையில சாஞ்சு சாஞ்சு விளுந்தா. நான்தான் பின்னால குத்தவச்சுப் பிடிச்சுக்கிட்டேன். அது என் கை."

பெரிய தாளில் பிரிண்ட் போட பிரிண்டரைத் தயார் செய்தேன். நல்லபடியாகக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையில், தொழில் புத்தியோடு கேட்டேன்.

"கையை எடுத்துட்டு, பாப்பாவ மட்டும் அழகாப் போட்டுத் தரட்டுமாக்கா?"

அவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம் தங்கச்சி. கைய எடுத்தா விளுந்துருவா."